பலகைத் தளத்தின் கீழே ஒரு பகலுறக்கம்

வத்தேகமவில், பலகைத் தளமிட்ட மாடிவீடொன்றின் கீழ்ப்பகுதியில், காலை வெயில் சன்னற்கம்பிகளின் ஊடாக நீள்சதுரங்களாக விழுகிறது. அங்கே வாடகைக்கு இருக்கும், இரவுக்கடமை முடித்து வந்த தாதி சுகிர்தா, சீருடையும் மாற்றாமல் சாய்மனைக்கதிரையில் சாய்ந்திருக்கிறார். மாடியில் ஓடும் வீட்டுக்காரியின் பிள்ளைகளால் பகலில் உறங்க இயலாமல், "சத்தம் குறையாட்டி இந்த மாசத்தோட வெளிக்கிடுவன்" என்று அவர் முன்னரே அறிவித்துவிட்டார். அவரை இழக்க மனமில்லாத வீட்டுக்காரி ருஷ்தா, பலகைகளின் கீழே தென்னந்தும்பு விரிப்பொன்றைப் பதிப்பித்திருக்கிறார். அதன் பயன் இன்று அளக்கப்படுகிறது. மேலே, ஐந்து உருக்குச் சுத்தியல்களைக் கொண்ட பொறி, காலடிகளுக்குப் பதிலாகத் தளத்தை மாறிமாறித் தட்டுகிறது. கீழே, பொறியியலாளர் லவன் சத்தத்தை அளக்கும் ஒலிமானியை ஏந்தி மூச்சடக்கி நிற்கிறார். விரிப்பு இட்டபின் கீழே கேட்குமென்று அவர் கணித்திருந்த அளவு ஐம்பத்திரண்டு டெசிபல். திரையிலுள்ள எண்ணோ அறுபதுக்கு ஏறுகிறது, இறங்குகிறது, மீண்டும் ஏறுகிறது.

"என்ன தம்பி, பாஸா பெயிலா?" ருஷ்தா மாடிப்படியில் குனிந்து மெல்லக் கேட்கிறார்.

"பொறுங்கோ அக்கா. மெசினை ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

பொறி ஓய்கிறது. எண் ஓயவில்லை; அதே சீரில் ஏறி இறங்குகிறது. லவன் திரும்பிப் பார்க்கிறார். கதிரையில் சுகிர்தா, ஒரு செருப்பு நழுவிய காலோடு, வாய் சற்றே திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.

இறங்கிவந்த ருஷ்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்குகிறார். "மிஸ்ஸ எழுப்பிட்டு அளக்கப் போறீங்களா?"

"வேண்டாம் அக்கா." லவன் ஒலிமானியை அணைக்கிறார். "பிள்ளையளை ஓட விடுங்கோ."

தலைக்கு மேலே சின்னப் பாதங்கள் கூட்டமாக ஓடுகின்றன. குறட்டை சீர் பிசகாமல் தொடர்கிறது.