அதே குரலில்

"இன்னும் கொஞ்சம் வேகமாப் படிங்க மேடம்" என்றார் காப்பீட்டு நிறுவனத்தின் விளம்பர மேலாளர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் உட்கார்ந்திருந்த குரல்காரம்மா பவ்வியமாகத் தலையை ஆட்டினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வேகம் மட்டும் இம்மியும் கூடவில்லை.

ஒலிப்பதிவாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த அம்மாள் நினைத்தால் ரயில் வேகத்தில் படிப்பார் என்பது அவருக்குத் தெரியாதா? இதே நிறுவனத்தின் பழைய விளம்பரத்தை, இதே அறையில், இதே அம்மாளின் குரலில் பதிவு செய்தவரே அவர்தான்.

'எந்த நோயானாலும் சரி, முதல் நாளிலிருந்தே முழுச் செலவும் எங்களுடையது!'

சொந்த அத்தை பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிச் சொல்வதுபோல் இருந்தது அது. ஆனால் விளம்பரத்தின் வாலில் நிபந்தனைகள் இருந்தன. பழைய நோய்க்குக் கிடையாது, முதல் சில வருடங்களுக்கு அறுவைச் சிகிச்சைக்குக் கிடையாது என்று ஏகப்பட்ட கிடையாதுகள். அவற்றையெல்லாம் ஒரே மூச்சில், காதில் விழுந்தும் விழாமலும் ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினார்.

சலூனிலும் பேருந்திலும் வானொலி கேட்டவர்கள் மனதில் அத்தை மட்டும் நின்றாள்.

அப்புறம்தான் யாரோ ஒரு பெண்மணி நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனார். கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. செலவைக் கேட்டால் நிறுவனம் கையை விரித்துவிட்டது. கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே என்று மடக்கப் பார்த்தார்கள். வானொலியில் சொன்னது நீங்கள்தானே என்று அவர் திருப்பி மடக்கினார்.

நீதிமன்றம் செலவைக் கொடுக்கச் சொன்னதோடு விடவில்லை. அதே வானொலியில், அதே நேரத்தில், அதே குரலில் உண்மையைச் சொல்லியாக வேண்டும், அதுவும் கேட்பவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்றது. வழக்கெல்லாம் வக்கீல்கள் பாடு. மேலாளர் கைக்கு வந்தது தீர்ப்பின் கடைசிப் பத்தி மட்டும்.

அதற்குத்தான் இந்தப் பதிவு.

வேகம் பலிக்கவில்லை என்றதும் மேலாளர் ஒலிப்பதிவாளர் பக்கம் நாற்காலியை நகர்த்தினார். "பின்னால ஒரு மியூசிக் போட்டுத் தூக்கி விடுங்க சார். குரல் கொஞ்சம் அமுங்கட்டும். வருஷம் பூரா எங்க வேலையெல்லாம் உங்ககிட்டதான் வருது. நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகையே அந்த வேலையில்தான் ஓடுகிறது. சுவரில் பாதி இடத்தில் பஞ்சு பிய்ந்து தொங்குகிறது. ஏசி ஒரு மூலையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. இருக்கிற பெரிய கிராக்கியையும் பகைத்துக்கொண்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கை தானாக இசைப் பொத்தானுக்குப் போனது.

அவர்கள் பேசியது கண்ணாடிக்கு அப்பால் கேட்டிருக்காது. ஆனால் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர் குரல்காரம்மா. எந்தப் பொத்தானை நோக்கிக் கை போகிறது என்பது அவருக்குத் தெரியும்.

அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒலிப்பதிவாளர் இசையை அடியோடு இறக்கினார். பிறகு பேச்சுப் பொத்தானை அழுத்தினார்.

"மியூசிக் கிடையாது அக்கா. நிதானமாப் படிங்க."

குரல்காரம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

'எங்கள் பழைய விளம்பரத்தில் சொன்னது உண்மையல்ல.'

ஒரு மூச்சு விட்டார்.

'எந்த நோய்க்கும் முழுச் செலவு என்றோம். கொடுக்கவில்லை. நம்பி வாங்கி, செலவு மறுக்கப்பட்டவர்கள் மறுபடியும் எங்களைக் கேட்கலாம். அப்போதும் மறுத்தால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம். வக்கீல் இல்லாமலும் போகலாம்.'

அந்தக் கடைசி வரியை நீதிமன்றமே எழுதிக் கொடுத்திருந்தது. மேலாளர் பல்லைக் கடித்தார்.

அதே அத்தைதான் வந்திருந்தாள். இந்தத் தடவை தலையைத் தடவவில்லை. கையைப் பிடித்து உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துச் சொன்னாள். இன்னொரு முறை எடுக்கலாமா என்று மேலாளர் வாயைத் திறப்பதற்குள் ஒலிப்பதிவாளர் பதிவை வானொலி நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்.

குரல்காரம்மா வெளியே வந்து ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டார்.

மேலாளரால் அடக்க முடியவில்லை. "அந்தம்மாவுக்குத்தான் செலவெல்லாம் கிடைச்சிடுச்சே, அதோட விடக் கூடாதா? இதே குரல்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்கியிருக்காங்க. ரேடியோவுல யாரோ சொன்னதை அப்படியே நம்பியிருக்காங்கன்னா, எவ்வளவு பெரிய ஏமாளியா இருக்கணும்?"

குரல்காரம்மா நிதானமாக வெந்நீரைக் குடித்து முடித்தார்.

"பெரிய ஏமாளிதான் சார். அன்னிக்கு இங்க உட்கார்ந்து அந்த வரியைச் சொல்லிச் சொல்லி, எனக்கே நம்பிக்கை வந்து, பதிவு முடிஞ்ச கையோட உங்க ஆபீசுக்கு வந்து வாங்கினேன். கடைசியில ஓட்டினது எனக்கும் காதுல விழலை."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வரட்டுமா? வீட்ல அவர் ரேடியோவைப் போட்டுட்டு உட்கார்ந்திருப்பார்."