ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மனு

"எனக்க பிள்ளையை நான் பாக்கதுக்கு கோர்ட்டு நேரம் குறிச்சுத் தரணுமா மேடம்?"

நெய்யாற்றின்கரை வக்கீல் ஷைலஜாவின் மேசையில் நோட்டீஸையும் கூட வந்த மனுவையும் ஓங்கிப் போட்டான் பிரதீஷ். எதிர் நாற்காலியில் அவன் மனைவி ஷீஜா தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

இருவரும் பிரிந்து எட்டு மாதம். ஆறு வயது சோனா அம்மாவிடம். பெருங்கடவிளையில் ஆட்டோ ஓட்டும் பிரதீஷ், ஞாயிறுதோறும் காலை ஒன்பதுக்கு வந்து மகளைக் கூட்டிப் போவான். மாலை ஆறுக்குக் கொண்டு விடுவான். எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

அப்படிப்பட்டவனுக்கு வக்கீல் நோட்டீஸ் போனால் ஊர் சும்மா இருக்குமா? 'நெஞ்சில் ஈரமில்லாதவள்' என்று ஷீஜாவுக்குப் பட்டமே கட்டிவிட்டது.

பிரதீஷுக்குத் துணையாக ஆட்டோ ஸ்டாண்டு ராஜன் வந்திருந்தான். கோர்ட்டுப் படி ஏறாதவன். ஆனால் ஸ்டாண்டில் யாருக்கு என்ன வழக்கென்றாலும் தீர்ப்பு அவனுடையதுதான்.

"எலே, ஒப்பிடாத, கையெழுத்தே போடாத. இன்னைக்கு இவ நேரம் குறிப்பா, நாளைக்கு பிள்ளையையே காட்ட மாட்டா."

"இதை முழுசா வாசிச்சீங்களா?" ஷைலஜா பிரதீஷிடம் கேட்டார்.

"இவன் வாசிச்சுப் பறஞ்சான்."

"முதல் பக்கம் வாசிச்சேன் மேடம்" என்றான் ராஜன். "அது போராதா?"

பிரதீஷ் ஷீஜா பக்கம் திரும்பினான்.

"நான் ஏதாவது ஞாயிறு முடக்கினேனா?"

"இல்ல."

"பிள்ளையை அடிச்சேனா?"

"இல்ல."

"பின்ன என்னத்துக்கு இது?"

"இந்த வாரத்துக்குள்ள ரெண்டு பேரும் சேந்து மனு குடுக்கணும். ஒப்பிடுங்க."

அவ்வளவுதான். பிரதீஷுக்குக் கண் கலங்கிவிட்டது. "எலே, வா போவம்" என்று எழுந்தான்.

"உட்காருங்க" என்றார் ஷைலஜா. "ஜூன்ல சோனாவை எங்கே ஸ்கூல்ல சேர்க்கப் போறாங்க, தெரியுமா?"

"பெருங்கடவிளையில."

"இல்லை. பனச்சமூடு எல்லை தாண்டி, ஷீஜாவோட அண்ணன் மோகனன் வீட்டுல இருந்து படிக்கப் போறா. தங்கச்சி தனியா இருக்க அவர் சம்மதிக்கலை."

"அதுக்கென்ன? எனக்க ஆட்டோவில அரை மணிக்கூறு."

"உங்க ஆட்டோவுக்கு அரை மணி நேரம். கோர்ட்டுக்கு அது வேற ஸ்டேட். பிள்ளை அங்கேயே தங்கிட்டா இங்கே கேஸ் போடறது கஷ்டம். அப்புறம் நீங்க தமிழ்நாட்டுக் கோர்ட்டுக்கு அலையணும். இப்பவே ஆர்டர் வாங்கினா, எங்கே போனாலும் அது உங்க கையில இருக்கும். கடைசிப் பக்கத்தை வாசிங்க."

வாசித்தான். எல்லா ஞாயிறும் அப்பாவுக்கு. கிறிஸ்துமஸ் லீவிலும் கோடை லீவிலும் பாதி அப்பாவுக்கு. அம்மாவோ அம்மா வீட்டாரோ தடுத்தால், அம்மா மேல் அப்பா வழக்குப் போடலாம்.

இன்னொரு முறை வாசித்தான்.

"மேடம், இது இவளுக்கு எதிரால்லா எழுதியிருக்கு?"

"நானும் அதைத்தான் சொன்னேன். அப்படியே எழுதணும்னு பிடிவாதமா நின்னது அவங்கதான்."

ராஜன் எட்டிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தான்.

"ஷீஜா... இதை என்கிட்ட நேரத்தே பறஞ்சிருக்கலாமே?"

"பறஞ்சா நீங்க நேரே அண்ணன்கிட்ட சண்டைக்குப் போவீங்க." முதல் முறையாக அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "உங்களை வாசல் ஏத்த மாட்டேன்னு அண்ணன் இப்பவே பறஞ்சாச்சு. அவனுக்க வீட்டில இருந்துட்டு எனக்கு அவனை எதுத்துப் பேச ஒக்குமா? 'இனி வரண்டாம்'னு என்னை வச்சே சொல்ல வைப்பாங்க. நானும் பயந்து சொல்லுவேன்."

மனுவை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அன்னைக்கு எனக்க பேச்சைக் கேட்டு நீங்க திரும்பிப் போயிரப்பிடாது."