பதில் ஸலாம்

"இன்னிக்குத்தான் கடைசி, அசார். பதில் வரலைன்னா இனிமே அந்த ஆளுக்கு நான் ஸலாம் சொல்லப் போறதில்ல."

மேற்குத் தாம்பரத்தில் ஸ்கூட்டர் ரிப்பேர் கடை ஜமீருக்கு. கை நிறைய கிரீஸோடு சொன்னான்.

"வுடு மச்சான். பெரியவருக்குக் காது கேக்கலையோ இன்னாவோ."

"காதெல்லாம் நல்லாத்தான் கீது. நேத்து சொன்னப்போ கண்ணு என் பக்கம் வந்துச்சு, வாய்தான் தொறக்கல. மளிகைக் கடை வச்சிருந்தப்போ முந்திக்கினு அவரே சொல்வாரு. பையன் சிறுசேரில வேலைக்குப் போய் பள்ளிக்கரணைல ஃப்ளாட் வாங்கினான் பாரு, அதுலேர்ந்து தலைக்கனம்."

தெருமுனையில் அப்துல் கஃபார் வந்துகொண்டிருந்தார். பார்வை தரையில். ஒரு காலை ஊன்றி, அது நின்றதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தார். கை எட்டும் தூரத்தில் பின்னால் மனைவி ஜஹீரா, பேச்சில்லாமல்.

"ஊட்டுக்காரம்மாகிட்டயும் பேசறதில்ல போல."

முணுமுணுத்துவிட்டு ஜமீர் அவர் பக்கத்தில் போய் நின்றான்.

"அஸ்ஸலாமு அலைக்கும், மாமா."

ஜஹீரா வேண்டாமென்று கையை ஆட்டினாள். அவன் கவனிக்கவில்லை.

"உங்களைத்தான் மாமா. அஸ்ஸலாமு அலைக்கும்."

கஃபார் அவன் பக்கம் திரும்பினார்.

"வ அலைக்கு..."

கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. உடம்பு மட்டும் சாய்ந்தது. ஜமீர் பாய்ந்து தாங்கிப் பிடித்தான். அசார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தான்.

ஜஹீராவுக்கு மூச்சு வாங்கியது.

"நடந்தா பேச முடியல, பேசினா நடக்க முடியலப்பா அவருக்கு. வயசாக ஆக மூளை ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான் பார்க்குதாம், டாக்டர் சொன்னார். தலையை ஆட்டினாலே தடுமாறுது. அதான் வெளியே வந்தா நானும் வாயைத் தொறக்கறதில்ல."

ஜமீர் கையை எடுத்தான். கஃபாரின் வெள்ளைச் சட்டையில் அவனுடைய கிரீஸ் விரல்கள் பதிந்திருந்தன.

"வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும், வழியில ஸலாம் சொன்னவங்களுக்கெல்லாம் பேரைச் சொல்லிச் சொல்லிப் பதில் சொல்வார். உன் பேரு வராத நாளே இல்ல."

"ஒரு வார்த்தை முன்னாடியே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே, மாமா."

உட்கார்ந்துவிட்டதால் கஃபாருக்கு இப்போது பேச்சு தடையில்லாமல் வந்தது.

"வ அலைக்கும் ஸலாம், ஜமீர்" என்றார் முதலில். பிறகு மெதுவாக,

"சொன்னா, பாவம் கிழவன் விழுந்துடுவான்னு எல்லாரும் ஸலாம் சொல்றதையே நிறுத்திடுவீங்களேப்பா."