ஆதரவாக ஒரு ஆள்

முதல் அடி, அவள் நீட்டியிருந்த மைக்கில் பட்டது.

அடுத்தது குறி தப்பவில்லை. அவன் வாயிலேயே விழுந்தது.

உழவர் சந்தை வாசலில் காலையிலிருந்து ஒரே கேள்வியைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கஞ்சாவைச் சட்டப்படி அனுமதித்து, கட்டுப்பாட்டோடு அரசே விற்கலாமா?

கேமராவுக்கு முன்னால் எல்லாரும் உத்தமர்கள். கூடாது, கூடவே கூடாது என்றார்கள்.

ஆதரவாக ஒரு ஆளாவது வேண்டும், இல்லாவிட்டால் நிகழ்ச்சி எடுபடாது என்று சேனலிலிருந்து போன் மேல் போன்.

அப்போதுதான் சிங்காரம் கிடைத்தான். மூட்டை தூக்குகிறவன். பீடிகூடப் பிடிக்காதவன்.

“எனக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியாதுக்கா.”

பரவாயில்லை என்று டீக்கடைப் பின்பக்கம் அழைத்துப்போய் அவளே சொல்லிக்கொடுத்தாள். டிவியில் முகம் வரும் என்ற ஆசை. முகம் கழுவி, தலை சீவிக்கொண்டு வந்து நின்றான்.

“சாராயத்த கவருமெண்டே விக்குது. கஞ்சாவயும் வித்தா என்ன தப்பு?”

பிசகாமல் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

இவன்தான் விற்கிறவன் என்றார் வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவனே இவன்தான் என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். அவ்வளவுதான்.

சட்டை கிழிந்தது. பல் தெறித்தது. கீழே விழுந்தவனை வயிற்றிலேயே மிதித்தார்கள். காய்கறிப் பையைப் பத்திரமாக ஓரம் வைத்துவிட்டு வந்து மிதித்தவர்களும் உண்டு. ஒருவன் எடைக்கல்லோடு ஓடி வந்து மண்டையில் இறக்கினான். சிங்காரம் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுருண்டான்.

கேமராமேன் இன்னும் கிட்டே போனான், பாவி.

“அக்கா, நீங்கதான சொல்லச் சொன்னீங்க. இவங்ககிட்ட சொல்லுங்கக்கா.”

கூட்டம் நின்றது.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். எடைக்கல் வைத்திருந்தவன் மூச்சு வாங்கியபடி ஓரடி முன்னால் வந்தான்.

“ஏம்மா, நீயா சொல்லிக்குடுத்தே?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனை விட்டுவிடுவார்கள். அடுத்து யாரைப் பிடிப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அப்படியொரு பயத்தை அவள் அறிந்ததில்லை.

“இல்லீங்க. நாங்க கேள்வி மட்டுந்தான் கேப்போம்.”

சிங்காரம் அவளைப் பார்த்தான்.

பிறகு, தலையைப் பொத்தியிருந்த கைகளை எடுத்துவிட்டான்.