எல்லாம் இடது கை

"டாக்டர், இந்த மாத்திரை இவன் மூளையையே தின்னுடுச்சு. தயவுபண்ணி நிறுத்திடுங்க."

சூப்பர்வைசரின் குரல் தழுதழுத்தது. சட்டை தைக்கும் கம்பெனியில் தனக்குக் கீழே இருக்கும் கட்டிங் மாஸ்டருக்காக லீவு போட்டு, ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்?

மாஸ்டர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. குடியை விடுவதற்கான மாத்திரையை, அதன் மேல் ஒரு வாய் குடித்தாலும் உடம்பைப் புரட்டிப் போட்டுவிடும் மாத்திரையை, அவர் சாப்பிடத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன.

"என்ன மறந்துபோகுது?" என்றார் டாக்டர்.

"என்னதான் மறக்கலை? போன வாரம் ஒரு லாட் சட்டை முழுசுக்கும் இடது பக்கக் கையாவே வெட்டித் தள்ளிட்டான். பேருக்கு ஒரு வலது கை கிடையாது! துணியை முகத்துக்கு முகம் பார்க்க அடுக்கு, அப்பதான் ஜோடி ஜோடியா விழும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டா, நான் சொல்லவே இல்லைங்கறான். முதலாளி வேலையை விட்டே தூக்கறேன்னார். நான்தான், 'பாவம், மாத்திரை பண்ற வேலை, நிறுத்தினா சரியாயிடுவான்'னு கெஞ்சி வச்சிருக்கேன்."

"வீட்டுல எதையும் மறக்கலைங்க டாக்டர்," என்றாள் மனைவி. "குடிச்ச காலத்துலதான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிட்டு நிப்பாரு. இப்ப நான் தொலைச்ச குடையை எங்க வச்சேன்னு எனக்கே சொல்றாரு."

"நீ சும்மா இரும்மா. உனக்கென்ன தெரியும்?" என்று அதட்டினார் சூப்பர்வைசர்.

டாக்டர் கையமர்த்தினார். "சில பேருக்கு மாத்திரையால மந்தம், மறதி வரலாம்தான். சோதிச்சுப் பார்த்துடுவோம்."

சில வார்த்தைகளைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். வேறு பேச்சுப் பேசிவிட்டுத் திடீரென்று கேட்டார். மாஸ்டர் எல்லா வார்த்தைகளையும் ஒப்பித்தார். கேட்காமலே தலைகீழாகவும் ஒப்பித்தார்.

"சரி, அந்தச் சட்டைக் கை விஷயம்?"

மாஸ்டர் தயங்கினார். "துணி விரிக்கும்போது சார் போன்ல சிரிச்சுப் பேசிட்டிருந்தார். 'எல்லாத்தையும் ஒரே பக்கமா போட்டுச் சீக்கிரம் முடி'ன்னார். ஜோடி சேராதே சார்னு கேட்டேன். 'இங்க சூப்பர்வைசர் நீயா, நானா?'ன்னார்."

"பார்த்தீங்களா டாக்டர்! எப்படிக் கதை கட்டறான்!"

டாக்டர் பேனாவை எடுத்தார். "ஞாபகசக்திக்கு ஒரு குறையும் இல்லை. குடியை விட்டதுல நல்லாத் தெளிஞ்சிருக்கு. முதலாளிக்கு அப்படியே எழுதித் தர்றேன். மாத்திரை தொடரட்டும்."

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி கும்பிட்டாள்.

"நீங்க போய் ஆட்டோவைப் பாருங்க, இதோ வந்துடறேன்," என்று இருவரையும் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினார் சூப்பர்வைசர். நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டாக்டர், குடிச்சிட்டிருந்தப்ப இவன் எவ்வளவு தங்கமான மனுஷன் தெரியுமா? கம்பெனியில யார் தப்புப் பண்ணினாலும், 'நீதாம்பா பண்ணினே'ன்னு சொன்னாப் போதும். 'மறந்திருப்பேன் சார், மன்னிச்சுடுங்க'ன்னு கையைக் கட்டிட்டு நிப்பான்."

பெருமூச்சு விட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அதனால கேக்கறேன்... மாத்திரையை நிறுத்தி எத்தனை நாள் கழிச்சுக் குடிச்சா, அவன் உடம்புக்கு ஒண்ணும் ஆகாது? பாவம், பிள்ளைகுட்டிக்காரன்!"