மூன்று மணிப் பேச்சு

மதியச் சாப்பாடு முடிந்ததும் பல் மருத்துவர் மாநாட்டிலிருந்து நழுவினார் கலைவாணன். மூன்று மணிக்குப் பல அறைகளில் நடக்கும் பேச்சுகளில், கேட்க வேறு யாருமே பெயர் எழுதாத அறையாகப் பார்த்துத்தான் தன் பெயரை எழுதியிருந்தார். அங்கே அவரைத் தேட யார் இருக்கப்போகிறார்கள்?

கடற்கரையில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் அவரையே பார்த்தார். மாதா கோயிலில் பின் பெஞ்சிலும் அதே சட்டை. நோணாங்குப்பம் படகுத்துறை வரிசையிலும் அதே சட்டை.

கலைவாணன் அவசரமாகப் படகில் ஏறினார். செலவு செய்து அனுப்பிய ஆஸ்பத்திரி முதலாளிதான் ஆள் வைத்திருக்க வேண்டும். போன வருஷம் ஒரு டாக்டர் இப்படித்தான் மாட்டினார்.

படகில் அந்த ஆள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே முக்கால். படகு துறையைவிட்டு நகர்ந்ததும் நிம்மதியாகச் சிரித்தார்.

“யார் சார் உங்கள அனுப்புனது?”

“யாரும் அனுப்பல சார். காலைல நீங்க பேர் எழுதும்போது பக்கத்துலதான் நின்னேன்.”

“அதுக்கு ஏன் என் பின்னாடியே வர்றீங்க?”

“அந்த ரூம்ல மூணு மணிக்குப் பேச வேண்டியவன் நான்தான். கேக்கறதுக்குப் பேர் குடுத்தது நீங்க ஒருத்தர்தான். நீங்க திரும்பிப் போனா நானும் போவணும்ல?”