மணி அடிக்காத பையன்

பள்ளி வீட்டுப்பாடமாகச் சொன்ன புத்தகத்தைப் படித்து முடித்தவர்கள் நூலக மேசை மேல் இருக்கும் பித்தளை மணியை அடிக்கலாம். அடித்தவர்களுக்கு எதிர்க்கடையில் ஒரு கோன் ஐஸ்கிரீம் இலவசம். கோடை விடுமுறையில் ஆல்டர் பாண்ட் ஊரின் வழக்கம் அது.

ஏழாம் வகுப்புக்குப் போகிற பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் ஜூலை முடிவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். மிச்சம் வெஸ்லி. அவன் மணியைத் தொடவில்லை. புத்தகத்தை மேசை மேல் பொத்தென்று போட்டான்.

“மேடம், இதுல கடைசி அத்தியாயம் இல்ல.”

நூலகர் லோர்னா புரட்டிப் பார்த்தார். கூரான எதையோ வைத்து, தையலை ஒட்டிப் பக்கங்களை நறுக்கியிருந்தார்கள். தள்ளுவண்டியில் அடுக்கியிருந்த மற்ற பிரதிகளையும் எடுத்துப் பார்த்தார். பதினொன்றிலும் அதே வெட்டு.

லோர்னா இரண்டு போன் செய்தார். ஒன்று காவல் நிலையத்துக்கு. இன்னொன்று ஓக்ஸ் டீச்சருக்கு.

காவல் அதிகாரி கிளேட்டன் முதலில் வந்தார். தெருவைக் கடந்தால் போதும் அவருக்கு. ஊரின் சாரணர் படைக்கும் அவர்தான் தலைவர். சனிக்கிழமை ஏரிக்கரையில் முகாம். வெஸ்லி அதற்காகப் போன மாதமே பையைக் கட்டி வைத்துவிட்டான்.

“பாக்கெட்ல என்னடா? எடு.”

ஒரு மடக்குக் கத்தி. போன வருடம் கிளேட்டனே அவன் கையில் கொடுத்த சாரணர் கத்தி.

“செவ்வாய்க்கிழமை மழையில இங்க ஆளே இல்லையே, அப்ப நீ எங்க இருந்த?”

“இங்கதான் சார்.”

“இங்கன்னா எங்க?”

வெஸ்லி தள்ளுவண்டிக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினான்.

கிளேட்டன் திரும்பினார். “லோர்னா, மத்த பசங்க யாராவது பக்கம் காணோம்னு சொன்னாங்களா?”

“ஒருத்தர்கூட இல்ல. முடிவு எப்படின்னு ஒவ்வொருத்தரையும் கேட்டேனே. எல்லாரும் சூப்பர்னாங்க.”

“எம் பொண்ணு பைப்பர் ஒரே நாள்ல முடிச்சா. அவ படிச்சப்ப பக்கம் இருந்திருக்கு. இப்ப இல்ல. நடுவுல வண்டிகிட்ட உக்காந்தது இவன். கத்தி வெச்சிருக்கறதும் இவன்.”

“நான் வெட்டியிருந்தா நானே எதுக்கு சார் வந்து சொல்றேன்?”

“திருடிட்டு முதல் ஆளா வந்து புகார் குடுக்கறவங்க எத்தனை பேரைப் பாத்திருப்பேன். லீவுல எவன்டா படிப்பான்னு ஐஸ்கிரீம் கடை வாசல்ல நீ கத்தினது எனக்குக் கேக்கலன்னு நினைச்சியா? புத்தகமே வீணாப் போனா வீட்டுப்பாடமும் ரத்து. அதானே திட்டம்?”

“அது படிக்கறதுக்கு முன்னாடி சொன்னது சார்.”

“ஒத்துக்கோ. இல்லன்னா சனிக்கிழமை முகாம் உனக்குக் கிடையாது.”

வெஸ்லியின் காது மடல்கள் சிவந்தன.

“செய்யாததை எப்படி சார் ஒத்துக்கறது?”

“அப்ப வீட்டுலயே இரு.”

கதவு திறந்தது. ஓக்ஸ் டீச்சர் வந்தார். ஒவ்வொரு விடுமுறைக்கும் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பவர் அவர். ஜூனில் பள்ளியிலிருந்து பிரதிகளைக் காரில் ஏற்றி வந்து நூலகத்தில் இறக்குபவரும் அவர்தான்.

கிளேட்டன் சொன்னதையெல்லாம் டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பிறகு வெஸ்லியிடம் வந்தார்.

“எது வரைக்கும் படிச்ச?”

“படகு கவுந்துருது டீச்சர். அண்ணன் பாறையைப் புடிச்சிட்டான். தங்கச்சி கை மட்டும் தண்ணிக்கு மேல தெரியுது. அதோட பக்கம் தீந்துபோச்சு.” அவன் குரல் உடைந்தது. “அந்தப் பொண்ணு பொழைச்சாளா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க டீச்சர். முகாம் போனாப் போகுது.”

“நல்லா நடிக்கறான்,” என்றார் கிளேட்டன். “பைப்பர் எங்கிட்ட முடிவைச் சொல்லிட்டா. கடைசியில அந்த நாய் வீடு வந்து சேந்துடுதாம். படிச்சுட்டு அழுதுட்டேன்னா.”

வெஸ்லி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“சார், நாய் மூணாவது அத்தியாயத்துலயே செத்துப்போச்சே.”

புத்தகத்தின் அட்டையில் நாய் நாக்கைத் தொங்கவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. கிளேட்டன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அப்ப மத்த பதினொரு பேரும்…” என்று இழுத்தார் லோர்னா.

“ஐஸ்கிரீம் சாப்பிட்டாங்க,” என்றார் டீச்சர்.

கிளேட்டன் மேசை மேல் இருந்த கத்தியை வெஸ்லி பக்கம் நகர்த்தினார். “சனிக்கிழமை காலையில சீக்கிரம் வந்துடு,” என்றார் அவன் முகத்தைப் பார்க்காமல். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அதெல்லாம் சரி டீச்சர். வெட்டினது யாரு?”

ஓக்ஸ் டீச்சர் கைப்பையைத் திறந்து ரப்பர் பேண்ட் போட்ட காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார். அதிலிருந்து ஒரு அத்தியாயத்தை உருவி வெஸ்லியிடம் நீட்டினார்.

“மத்த பதினொண்ணும் ஜூன்லேர்ந்து பையிலயே கிடக்கு, கேட்டு வரத்தான் ஆள் இல்ல.”